மூன்றாம் மாசமே மறுபடி அடிக்கும் ஹெட் கேஸ்கெட்

பழைய டிராக்டருக்கு என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மாட்டிய மூன்றாம் மாசமே மறுபடி கேஸ்கெட் அடித்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது கேஸ்கெட், அடுத்து அதை விற்ற கடைக்காரர். பெரும்பாலும் இருவர் மேலும் தப்பிருக்காது. கேஸ்கெட் என்பது ஹெட், அதற்கு அடியில் உள்ள பிளாக் என்ற இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். முகங்கள் தட்டையாக இருந்து, ஹெட்டைப் பிடிக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்டுகள் சமமாக இழுத்துப் பிடித்து, என்ஜினும் கொதிக்காமல் ஓடினால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூன்றில் ஒன்று கெட்டாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் எரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்த மூன்றாவதுதான் ஆளை அடிக்கிறது. ஸ்பேனரை எடுக்குமுன் அதைப் பார்த்துவிடுவோம்.

இங்கே போர்வெல் இறங்குவது கெட்டிப் பாறைக்குள். இந்தப் பக்கத்துத் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃப்ளோரைடு ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. ரேடியேட்டரைக் கெடுப்பது தண்ணீரின் உப்பும் கடினமும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஹெட்டுக்குள்ளும் படிகிறது. அதுவும் எங்கே படிகிறது என்றால், சூடு அதிகம் உள்ள இடத்தில்: எக்ஸாஸ்ட் வால்வ் சுற்றியும், இரண்டு சிலிண்டருக்கு நடுவில் உள்ள குறுகிய தண்ணீர் வழியிலும். படிவம் சூட்டைக் கடத்தாது. சூடு காட்டும் கேஜ் முள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே வால்வ் சீட் பக்கத்து இரும்பு மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும். கேஸ்கெட் பெரும்பாலும் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரமும் ஒரு சின்னக் கணக்கு. தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர், ஓசூர் 900-க்குப் பக்கம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூடி இல்லாத ரேடியேட்டரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் 1.5 டிகிரி போல மேலே கிடைக்கும். அந்த மூடி தொலைந்துபோய் அந்த இடத்தில் சாக்குத் துணி சொருகியிருக்கும் வண்டிகளை இன்னும் சந்தையில் பார்க்கலாம்.

அடுத்தது வேலையின் தன்மை. ராகி, கடலை அடிக்கும் காலத்தில் கதிரடிக்கும் மிஷினைப் பெல்ட்டிலோ, டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டிலோ ஓட்டும்போது வண்டி ஒரே இடத்தில் நிற்கும். உமியும் தூசியும் நேராக ரேடியேட்டர் மீது போய் ஒட்டும். மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்துத் தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி உள்ளே போய் இறுகும். கிணறு வெட்டும் கம்ப்ரசர் டிராக்டர்களின் பாடு இன்னும் மோசம். பாறைத் தூசி, கோடை வெயில், ஒரே ஆர்.பி.எம்.மில் நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓட்டம். பழைய மாஸி (மாஸி ஃபெர்குசன்) டிராக்டரை வாங்கி கம்ப்ரசர் கட்டுகிறவர்கள் ரேடியேட்டர் ட்யூபைத் திறந்து சுத்தம் செய்யாமல் கட்டினால், ஹெட் வேலையையும் சேர்த்தே விலைக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு லோடு இழுக்கும் வண்டிகளுக்கு மேடு ஏறும் பத்து நிமிஷத்தில்தான் வினை.

கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. வால்வ் சீட்டுகளுக்கு நடுவிலோ, சீட்டுக்கும் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் துளைக்கும் நடுவிலோ முடி போல விரிசல் விடும். கொதித்தால் லோடை எடுத்துவிட்டு மெதுவான ஓட்டத்தில் விட வேண்டும். ஆற விட்டு, கை வைக்க முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு, என்ஜின் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தண்ணீர் முழுக்கத் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, ஆறும்வரை தொடாமல் விடுவதே நல்லது.

இனி நோயைக் கண்டுபிடிப்பது. கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து ஒரே ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம். பெல்ட் இல்லாததால் பம்ப் சுற்றாது, தண்ணீர் ஆடாமல் நிற்கும். அப்போது விடாமல் முட்டை முட்டையாகக் குமிழ் கிளம்பினால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆயில் கேஜ் குச்சியில் பால் விட்ட காபி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்து, தண்ணீரும் ஆயிலும் சுத்தமாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் பாலம் எரிந்திருக்கிறது. ராத்திரி நிறுத்திவைத்த வண்டி காலையில் செல்ஃப் அடித்தவுடன் கட்டை போல நின்றுவிட்டால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்ற வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் என்றாலே கேஸ்கெட் என்று முடிவு கட்டவும் கூடாது. எச்.எம்.டி. 2511 போன்ற செட்டார் வகை என்ஜின்களில் பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும். அடியில் உள்ள ரப்பர் ரிங் போனாலும் ஆயில் தங்கும் சம்ப்பில் தண்ணீர் சேரும். ஐச்சரின் காற்றால் குளிரும் என்ஜினில் தண்ணீரே கிடையாது, அங்கே ஃபின்களில் அடைக்கும் தூசியே எதிரி. இங்கே இனி சொல்லும் அளவுகள் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனி மூன்று சிலிண்டர் என்ஜின் குடும்பத்துக்கு: பழைய மாஸி 1035-இல் உள்ள சிம்சன் பி3 (பி3.144), எம்.எஃப். 35-இல் உள்ள 3.152. முறை எல்லா வண்டிக்கும் பொது. அளவுக்கு மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கழற்றும் வேலை என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான். படிவத்தைக் கரைக்க சிட்ரிக் அமிலம் போட்டு ஓட்டுவதானால் அதைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். படிவமே அடைத்துவைத்திருந்த ஓட்டைகள் அப்போது திறக்கும். புது கேஸ்கெட் போட்ட பிறகு அவை திறந்தால் இரண்டாம் வேலை. ரேடியேட்டர் திருகோடு பிளாக்கில் உள்ள தண்ணீர்த் திருகையும் திறக்க வேண்டும். சேறு அடைத்து வராமல் நின்றால் கம்பி விட்டுக் குத்துங்கள். டீசல் குழாய்களின் வாயை அப்போதே மூடிவிடுங்கள். புஷ் ராடுகளை ஓர் அட்டையில் வரிசையாகச் சொருகி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இல்லை. நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மறு பக்கம் போனால் ஹெட் அங்கேயே கோணும். ஒட்டிக்கொண்ட ஹெட்டை உளி விட்டுக் கிளப்புகிறவர்களைத் தடுத்தே ஆக வேண்டும். உளி பட்ட பள்ளம் அடுத்த கேஸ்கெட்டின் சாவு. மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் விடும். ஸ்லீவைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் என்ஜினானால், ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றக் கூடாது. ஸ்லீவ் மேலே எழும்பி அடி ரிங் கெடும்.

எடுத்த பழைய கேஸ்கெட்டை உடனே குப்பையில் போடாதீர்கள். நல்ல மெக்கானிக் அதை ஜாதகம் மாதிரி படிப்பார். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கறுப்புக் கோடு ஓடினால் நெருப்பு அந்த வழியாகப் போயிருக்கிறது. தண்ணீர் ஓட்டையிலிருந்து துருக்கோடு ஸ்டட் ஓட்டை வரை வந்தால் அந்த ஸ்டட் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் அங்கே ஹெட் குழிந்திருக்கிறது. சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள நெருப்பு வளையம் மூன்று சிலிண்டரிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் வளையம் நசுங்காமல் பளபளவென்று புதிதாகவே இருந்தால் அந்த ஸ்லீவ் பிளாக்கில் இறங்கிவிட்டது. அதைச் சரி செய்யாமல் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் அதே சிலிண்டரில்தான் போகும். ஒன்று மட்டும் கவனம்: பழைய செம்பு கேஸ்கெட்டின் நடுவில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது, வயர் பிரஷ் மிஷின் வைக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, நனைந்தபடியே பையில் கட்டிப் போட வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

அடுத்து தட்டை பார்ப்பது. நேர்ப்பட்டை ஒன்றும் ஃபீலர் கேஜும் போதும். நீளவாக்கில் இரண்டு ஓரம், நடு, குறுக்கே சிலிண்டருக்கு நடுவில், பிறகு மூலைக்கு மூலை இரண்டு. 3.152 ஹெட்டுக்கு குறுக்குவாக்கில் 0.08 மி.மீ., நீளவாக்கில் 0.15 மி.மீ. வரை விடலாம். அதற்கு மேல் போனால் லேத்து பட்டறையில் ஃபேஸிங் பிடிக்க, அதாவது முகத்தைத் தட்டையாகச் சீவ வேண்டும். பிளாக் முகத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். பலர் ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்ப்பது தட்டை ஆக்காது. விரல் அழுந்திய இடமெல்லாம் பள்ளம் விழும். ஃபேஸிங் பிடிக்கும்போது சீவி எடுக்கும் ஒவ்வொரு நூலிழைக்கும் வால்வ் முகம் பிஸ்டனை நெருங்குகிறது, நாசில் மூக்கும் கீழே நீள்கிறது. அதனால் முன்பே இரண்டு மூன்று தடவை பிடித்த ஹெட் என்றால் ஹெட் முகத்திலிருந்து வால்வ் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேவையானால் சீட்டை வெட்டி இறக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய ஹெட்டுகளில் எத்தனை தடவை பிடித்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அளவுகோல்தான் சொல்லும். பட்டறைக்குக் கொண்டுபோனதோடு பிரஷர் டெஸ்டும் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, சூடான தண்ணீரில் முக்கிக் காற்று விட்டால் விரிசல் குமிழ் விடும். சூட்டில்தான் பல விரிசல்கள் வாய் திறக்கும், பச்சைத் தண்ணீரில் முக்கினால் தப்பித்துவிடும்.

ஸ்டட்டுக்கு வருவோம். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 88.9 மி.மீ. போர் உள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 62 சதுர செ.மீ.; எரியும் நேரத்தில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 70 கிலோ என்று வைத்தாலும், ஹெட்டை மேலே தூக்கும் விசை 4 டன்னுக்கு மேல். 2000 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்கு 1000 தடவை ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நடக்கிறது. அதைத் தாங்குவது நட் அல்ல, ஸ்டட்டின் நீட்சி. இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் மாதிரி ஒரு நூலிழை நீண்டு, சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்பில்தான் ஹெட் உட்கார்ந்திருக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் அந்த நீட்சிக்குப் போகிறது. மற்றதெல்லாம் நட்டுக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைகிறது. துரு ஏறிய மரையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 60 அடி-பவுண்டு காட்டும், ஸ்டட் பாதிகூட இழுத்திருக்காது. பக்கத்து ஸ்டட் எண்ணெயோடு இருந்தால் அது முழுக்க இழுத்திருக்கும். ஒரே அளவு, இரண்டு விதப் பிடி. ஹெட் கோணுவது இப்படித்தான்.

அதனால் ஒவ்வொரு ஸ்டட்டையும் வயர் பிரஷ் போட்டு, நட் கை விரலால் அடி வரை ஓடும்வரை சுத்தம் செய்யுங்கள். மரை வெட்ட வேண்டி வந்தால் இங்கிலாந்து வழி என்ஜின்களில் பிளாக்குக்குள் போகும் பக்கம் யு.என்.சி. என்ற பருமரை, நட் பக்கம் யு.என்.எஃப். என்ற நுண்மரை. கையில் கிடைத்த மெட்ரிக் டையைப் போட்டுத் திருகினால் மரை போச்சு. நடுவில் இடுப்பு மெலிந்த ஸ்டட், நட்டை ஓட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பிடிக்கும் ஸ்டட், இரண்டும் நீண்டு செத்தவை, மாற்ற வேண்டும். பிளாக் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடைத்த துளையில் திரவம் இருக்க ஸ்டட்டைத் திருகினால் அது ஜாக்கி போல வேலை செய்து பிளாக்கையே பிளக்கும். தண்ணீர் வழிக்குள் திறக்கும் துளைகளுக்கு மட்டும் மரையில் சீலர் தடவ வேண்டும். வாஷர் கெட்டியாக, தட்டையாக இருக்க வேண்டும். கூரைத் தகட்டுக்குப் போடும் வாஷர் கிண்ணம் போலக் குழிந்து, ஒரே வாரத்தில் இழுப்பைத் தின்றுவிடும்.

கேஸ்கெட் வாங்கும்போது போர் அளவைச் சொல்லி வாங்குங்கள். பி3.144-க்கு 88.9 மி.மீ., 3.152-க்கு 91.4 மி.மீ.; மூன்று வட்டம் உள்ளதெல்லாம் ஒன்று என்று நினைத்து வாங்கி, சின்ன வளையம் பெரிய போருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாளில் எரியும். பிளாக் மீது வைத்து எல்லாத் துளையும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுப்பதே மேல். மேல், முன் என்று அச்சடித்த பக்கத்தை மாற்றிப் போட்டால் தண்ணீர் வழி அடைபடும்.

பசை தடவுவதா வேண்டாமா என்பது டீக்கடை விவாதம். பழைய செம்பு வகைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு தடவும் வழக்கம் உண்டு; வெள்ளிப் பெயிண்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், கெடுதல் இல்லை. நெருப்பு வளையம் பதித்த கறுப்பு காம்போசிட் வகையை வெறுமையாகத்தான் போட வேண்டும். அதில் ஆயில்கூடப் படக் கூடாது. சிலிகான் பசையை ஹெட் கேஸ்கெட்டில் எந்த வகைக்கும் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு கேஸ்கெட் நகரும், பிதுங்கிய துண்டு வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறும் துளையில் போய் உட்காரும். இன்னொன்று, தனிச் செம்புத் தகட்டைக் காய்ச்சி இளக்கி மறுபடி போடலாம். நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கெட்டை நெருப்பில் காட்டி மறுபடி போடுவது வெறும் சிக்கனக் கனவு.

இரண்டு பேர் பிடித்து ஹெட்டை நேராக இறக்க வேண்டும், இழுக்கக் கூடாது. மரையிலும் நட்டின் அடியிலும் என்ஜின் ஆயில் ஒரு சொட்டு. எல்லா நட்டும் விரலால் இறுகிய பிறகு, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போகிற வரிசை. பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கு இறுதி அளவு 55 முதல் 60 அடி-பவுண்டு. முதல் சுற்று 20, அடுத்தது 40, கடைசி 60. 60 என்பது 8.3 கிலோகிராம்-மீட்டர், 81 நியூட்டன்-மீட்டர். ஒவ்வொரு சுற்றையும் ஒரே வேகத்தில், நிறுத்தாமல் இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் ரெஞ்ச் பொய் சொல்லும்.

டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் 'கை அளவு' என்று விட்டுவிடாதீர்கள். மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 செ.மீ. தூரத்தில் ஸ்பேனர் கைப்பிடியில் தராசுக் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால் 16.6 கிலோ காட்டும்போது 8.3 கிலோகிராம்-மீட்டர் வரும். முதல் சுற்றுக்குத் தராசில் 5.5 கிலோ, இரண்டாவதுக்கு 11. ஹெட் நட்டுகள் மேல் நோக்கி நிற்பதால் ஸ்பேனர் படுத்த வாக்கில்தான் சுற்றும். அதன் எடை கணக்கில் சேராது.

நாசிலைப் போடும்போது பழைய செம்பு வாஷர் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மேலே புதிது போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும், காற்றும் கசியும். இரண்டு நட்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. ஸ்டார்ட் செய்ததும் ராக்கர் மூடியைத் திறந்தபடியே ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

லோடு இல்லாமல் ஓட்டித் தண்ணீர் 77 டிகிரியாவது ஏறிய பிறகு நிறுத்தி, சூட்டோடு அதே வரிசையில் மறு இறுக்கம். இறுதி அளவுக்கு முன்பே நட் நகர்ந்தால் சரி, அளவு வரும்வரை இழுங்கள். நகராமலே அளவு காட்டினால் மரை பிடித்திருக்கிறது. 30 முதல் 60 டிகிரி வரை தளர்த்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஒரு நட்டை மட்டும். எல்லாம் முடிந்ததும் தொடக்கத்து நட்டுகளைத் தளர்த்தாமல் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் இறுக்கியவை முன்னதைத் தளர்த்தியிருக்கும். இது பழைய வகை கேஸ்கெட்டுக்கு. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டு டிகிரிக் கணக்கில் இறுக்கும் புது என்ஜின்களில் மறு இறுக்கம் கிடையாது.

பிறகு 25 முதல் 50 மணி நேர ஓட்டத்துக்குள் சூட்டோடு இன்னொரு தடவை. வண்டி நன்றாக ஓடுகிறதே என்று இதற்கு யாரும் பட்டறைக்குத் திரும்பி வருவதில்லை. மூன்றாம் மாசக் கேஸ்கெட்டுகளில் பாதிக் கதை இதுதான். மறு இறுக்கத்துக்குப் பின் ஹெட் ஒரு நூல் இறங்குவதால் வால்வ் இடைவெளியும் குறைந்திருக்கும், மறுபடி வைக்க வேண்டும். ரேடியேட்டரில் கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. அது கட்டுப்படியாகாதென்றால் பிடித்துவைத்த மழைத்தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். முதல் இரண்டு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம், உள்ளே தங்கிய காற்று வெளியேறுகிறது. மூன்றாம் நாளும் இறங்கினால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த ஒரு நிமிஷ சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.